செய்தியோடை

ஓர் இணையதளத்தில் புதிதாக வெளிவந்தவற்றைச் செயலிகள் படித்தறியும் வடிவில் தொகுத்து வைக்கும் கோப்பு, செய்தியோடை. தலைப்பு, இணைப்பு, தேதி, சுருக்கம் ஆகியவை எக்ஸ்.எம்.எல். குறிகளுக்கு நடுவே அதில் அடுக்கப்பட்டிருக்கும். வாசகரிடம் உள்ள ஓடைப்படிப்பான் என்ற செயலி அவ்வப்போது அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் புதியவற்றைக் காட்டுகிறது. கேட்பது வாசகர் தரப்பு என்பதால் அவருடைய பெயரோ மின்னஞ்சலோ தளத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. இடையில் நின்று எதைக் காட்டலாம் என்று தீர்மானிக்கும் நிறுவனமும் தேவையில்லை. ஓடை நலிந்ததற்கும் இன்னும் நிலைத்திருப்பதற்கும் இப்படி யார் கையிலும் சிக்காத இயல்பே காரணம் என்பதை அதன் வரலாறு காட்டுகிறது.

ஆனால் அது பிறந்தது ஒரு நிறுவனத்துக்குள்தான். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த ராமநாதன் குஹாவும் டான் லிபியும் 1999 மார்ச்சில், உலாவி நிறுவனமான நெட்ஸ்கேப்பின் முகப்புப் பக்கத்தில் பிற தளங்களின் தலைப்புகளைக் காட்டுவதற்காக ஆர்.எஸ்.எஸ். என்ற ஓடை வடிவத்தின் முதல் பதிப்பை உருவாக்கினர். நெட்ஸ்கேப் விரைவிலேயே அதைக் கைவிட்டது. வேறு பல வடிவங்கள் அத்தோடு மறைந்திருக்கும். இதை வெளியார் எடுத்துக்கொண்டனர், உடனே சண்டையும் மூண்டது. விரிவான பொருள்விளக்கம் வேண்டும் என்ற குழு 2000 டிசம்பரில் 1.0 பதிப்பை வெளியிட்டது. எளிமையே போதும் என்ற நிரலாளர் டேவ் வைனர் அதே மாதம் 0.92 பதிப்பையும் 2002-ல் 2.0 பதிப்பையும் வெளியிட்டார். எண் வரிசை ஏமாற்றும்: 2.0 என்பது 1.0-இன் வளர்ச்சி அன்று, வேறு கிளை. இந்தப் பூசலில் சலித்தவர்கள் 2003-ல் ஆட்டம் என்ற புதிய வடிவத்தைத் தொடங்க, அது 2005 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழுவின் நெறியாக வெளிவந்தது. பூசல்தான் ஓடையைக் கெடுத்தது என்று வாதிடுவோர் உண்டு. படிப்பான்களை எழுதிய நிரலாளர்களுக்கு அது பெருந்தொல்லை என்பது மெய். ஆனால் அவர்கள் எல்லா வடிவங்களையும் படிக்கும்படி எழுதினர்; வாசகருக்குப் பிளவு கண்ணில் படவே இல்லை.

அந்தக் காலத்தில்தான் தமிழிலும் ஓடை வேரூன்றியது. 2004-ல் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, பல நாடுகளில் சிதறிக் கிடந்த தமிழ்ப் பதிவர்களின் எழுத்தை ஓடைகள் வழியே ஒரே பக்கத்தில் சேர்த்தது. எவரும் தம் தளத்தை விட்டு வேறிடம் போய் எழுத வேண்டியிருக்கவில்லை.

2013 ஜூலை 1 அன்று கூகுள் ரீடர் மூடப்பட்டதை ஓடையின் முடிவாகப் பலர் எழுதினர். இது தவறான கணிப்பு. மூடப்பட்டது ஒரு படிப்பான். பயனர்கள் தங்கள் சந்தாப் பட்டியலை ஓ.பி.எம்.எல். கோப்பாக இறக்கி வேறொரு படிப்பானில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. தளங்கள் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஒரு சமூக வலைத்தளம் மூடப்பட்டால் அங்கே பின்தொடர்ந்தவர்களை இப்படி எடுத்துச் செல்லப் பொதுவாக வழியில்லை. ரீடர் மூடப்பட்டதைக் காட்டுவதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: சாதாரண மக்களுக்கு ஓடை எட்டவில்லை. தளங்களில் ஓடையைக் குறிக்கும் ஆரஞ்சு நிறச் சின்னத்தை அழுத்தியவர் பெரும்பாலும் கண்டது புரியாத குறிகளைத்தான். எத்தனை பேர் படித்தார்கள் என்ற கணக்கும் விளம்பர வருமானமும் கிடைக்காத பதிப்பாளர்களுக்கு அதை வளர்க்க ஆர்வமில்லை. 2018 டிசம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் தன்னிடமிருந்த ஓடை வசதியை நீக்கியது. உரிமையாளர் இல்லாத பொருளுக்கு விளம்பரம் செய்யவும் ஆள் இல்லை. இந்தக் குறையை மறைக்க முடியாது.

ஆயினும் எட்டவில்லை என்பது எழுத்துக்குத்தான் பொருந்தும். ஒலிக்கோப்பின் முகவரியை இணைக்கும் சிறு குறி ஒன்று 0.92 பதிப்பிலேயே சேர்ந்திருந்தது; பாட்காஸ்ட் முழுவதும் அதன்மேல் எழுந்தது. 2005 ஜூனில் ஐடியூன்ஸ் பாட்காஸ்டுகளை ஏற்றபோது ஆப்பிள் வைத்திருந்தது பட்டியலை மட்டுமே. ஓடைகள் தயாரிப்பாளர்கள் வசம் இருந்தன. கேட்பவர்களில் மிகப் பலருக்குத் தாம் ஓடையைப் பயன்படுத்துவது தெரியாது. அதை அடைத்துவிடும் முயற்சியும் நடந்தது. 2020-ல் ஸ்பாட்டிஃபை பெருந்தொகை கொடுத்து ஜோ ரோகனின் பாட்காஸ்ட் நிகழ்ச்சியைத் தன் செயலிக்குள் மட்டுமே கேட்கும்படி வைத்தது. 2024-ல் போட்ட புதிய ஒப்பந்தத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, நிகழ்ச்சி ஆப்பிள் உள்ளிட்ட பிற இடங்களுக்கும் திரும்பியது.