கடல்முயலும் ஒரு பொம்மைக் காரும்

போன வாரம் பார்த்த போன் நம்பர் மறந்துபோகுது. சின்ன வயசுல பட்ட அடி மட்டும் ஏன் மறக்கல? இதுக்குப் பதில் தேடின ஒரு டாக்டரோட கதை இது.

எரிக் கேண்டல். வியன்னாவில் பிறந்த யூதர். 1938 நவம்பரில் 9-வது பிறந்தநாளுக்கு நீலக் கலர் பொம்மைக் கார் ஒன்று கிடைச்சது. ரெண்டே நாளில் நாஜிகள் வந்து குடும்பத்தையே வீட்டை விட்டுத் துரத்தினாங்க. திரும்பி வந்தப்ப கார் இல்லை. அடுத்த வருஷம் அமெரிக்கா. ஞாபக ஆராய்ச்சிக்குத் தன்னை இழுத்தது அந்த நாட்கள்தான்னு பின்னாடி அவரே எழுதினார்.

மனித மூளையில் பல ஆயிரம் கோடி நியூரான்கள். எங்கேன்னு தேடுறது? 1962-ல் பாரிஸ் போய், அப்ளீசியாங்கற கடல்முயலை எடுத்துக்கிட்டார். நத்தை இனம்தான். மொத்தமே சுமார் 20,000 நியூரான், அதில் சிலது வெறும் கண்ணுக்கே தெரியும். நத்தையிடம் என்ன கத்துக்க முடியும்னு பலர் தடுத்தாங்க. கேட்கல.

பிறகு நியூயார்க்கில் நடந்த வேலைதான் முக்கியம். அதன் சைஃபன் குழாயைத் தொட்டா செவுளை உள்ளே இழுக்கும். வாலில் ஒரு ஷாக் கொடுத்தா, அடுத்த சில நிமிஷம் லேசா தொட்டாலே வேகமா இழுக்கும். இடைவெளி விட்டுப் பல தடவை கொடுத்தா, அந்த பயம் நாள்கணக்கில் நிக்கும். முதலாவதில், இருக்கிற இணைப்பு பலமாகுது, அவ்ளோதான். ரெண்டாவதில் ஜீன்கள் முழிச்சு, புதுப் புரதம் உருவாகி, புது இணைப்புகளே முளைக்குது. ஒரு உணர்வு நியூரானில் சுமார் 1,300 இருந்தது 2,700 ஆச்சு! (பரீட்சைக்கு முந்தின ராத்திரி மட்டும் படிக்கிற தம்பி தங்கைகள் இதை இன்னொரு தடவை படிங்க.)

2000-ல் நோபல், இன்னும் ரெண்டு பேரோடு சேர்த்து. வியன்னாவில் 'நம்ம ஊர் நோபல்'னு கொண்டாடினாங்க. இல்லை, இது ஒரு அமெரிக்க யூதரோட நோபல்னு கேண்டல் சொல்லிட்டார்.