பன்னாட்டுத் தொடர்களில் ஃபேன்டஸி கால்பந்து அணித்தேர்வு

உலகக்கோப்பை, யூரோ போன்ற தொடர்களில் ஆடும் நிஜ வீரர்களைக் குறிப்பிட்ட பணவரம்புக்குள் வாங்கி, ரசிகர் தமக்கென ஓர் அணி சேர்த்துக்கொள்வது பன்னாட்டுத் தொடர் ஃபேன்டஸி கால்பந்து. அந்த வீரர்கள் களத்தில் அடிக்கும் கோலும் தடுக்கும் பந்தும் அவருக்குப் புள்ளிகளாகும். இத்தாலியப் பத்திரிகையாளர் ரிக்கார்தோ அல்பினி அமெரிக்க ஃபேன்டஸி பேஸ்பாலைப் பார்த்துக் கால்பந்துக்கு விதிகள் வகுத்து 1990இல் நூலாக்கினார். இங்கிலாந்தில் 1991இல் ஆண்ட்ரூ வெய்ன்ஸ்டீன் இதைத் தொடங்கினார். யூஃபாவும் ஃபிஃபாவும் நடத்துபவை இலவசம். பணம் கட்டி ஆடுபவற்றை இந்தியா 2025 ஆகஸ்டில் சட்டம் போட்டுத் தடை செய்தது.

பிரீமியர் லீக் ஃபேன்டஸியில் 38 வாரங்கள் உண்டு. ஐந்து வாரம் சறுக்கினாலும் எழுந்துவிடலாம். யூரோவில் மொத்தமே ஏழு சுற்றுகள்தான். அதிலும் பாதி வீரர்கள் பாதி வழியிலேயே ஊர் திரும்பிவிடுவார்கள். அதனால் இங்கே வீரரின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அட்டவணையைப் பார்க்க வேண்டும்: யார் என்று ஆடுகிறார், எத்தனை ஆட்டம் வரை தாங்குவார் என்பதே முதல் கேள்வி.

ஜெர்மனியில் நடந்த 2024 யூரோவில் 10 கோடி யூரோவுக்குள் 15 பேரை எடுக்க வேண்டியிருந்தது: கோல்கீப்பர் 2, தடுப்பாட்டக்காரர் 5, நடுக்களத்தார் 5, முன்களத்தார் 3. குரூப் சுற்றில் ஒரு நாட்டிலிருந்து மூவருக்கு மேல் கூடாது. தடுப்பாட்டக்காரர் கோல் அடித்தால் 6, நடுக்களத்தார் அடித்தால் 5, முன்களத்தார் அடித்தால் 4 புள்ளிகள். எனவே பட்டியலில் நடுக்களம் என்று போட்டிருந்து, களத்தில் முன்னால் போய் நிற்கும் ஆளுக்கு எப்போதும் மவுசு அதிகம்.

கேப்டனுக்குப் புள்ளிகள் இரட்டிப்பு. ஆட்டத்தின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. ஒரு சுற்று பல நாள் நீள்வதால், முதல் நாள் கேப்டன் ஏமாற்றினால் இன்னும் ஆடாத இன்னொருவருக்குப் பட்டையை மாற்றிவிடலாம். ஆனால் மாற்றியதும் முன்னவரின் இரட்டிப்பு போய்விடும். 2024 ஜூன் 14 அன்று மியூனிக்கில் ஜெர்மனி ஸ்காட்லாந்தை 5-1 என்று நொறுக்கியபோது ஜமால் முசியாலா ஒரு கோல் அடித்தார். அவரைக் கேப்டனாக வைத்திருந்தவர்களுக்கு அன்றிரவே சபலம்: ஒரு கோலோடு நிறுத்துவதா, இங்கிலாந்தின் கேன், பிரான்ஸின் எம்பாப்பே, போர்ச்சுக்கலின் ரொனால்டோ என்று பின்னால் வரிசையாக வருகிறார்களே, அவர்களில் ஒருவருக்கு மாற்றுவதா? 16ஆம் தேதி கேன் கோல் அடிக்கவில்லை. 17ஆம் தேதி எம்பாப்பே கோல் அடிக்காததோடு மூக்கையும் உடைத்துக்கொண்டார். 18ஆம் தேதி ரொனால்டோவும் வெறுங்கைதான். அந்தச் சுற்றில் பேராசைப்பட்டவர்கள் நஷ்டப்பட்டார்கள். கேப்டனைச் சுற்றின் முதல் நாளிலேயே போட்டுவிட்டு, கிடைப்பது சுமார் என்றால் மட்டும் நகர்வதே புத்திசாலித்தனம்.

பெரிய பெயர்களை நம்பிப் பணத்தைக் கொட்டுவதும் இப்படித்தான் முடியும். அந்தத் தொடரில் 51 ஆட்டங்களில் 117 கோல்கள்தான். அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை மூன்று மூன்று கோல்களோடு ஆறு பேர் பகிர்ந்துகொண்டார்கள். பெல்ஜியத்தின் லுகாகு குரூப் சுற்றில் மூன்று முறை பந்தை வலைக்குள் அனுப்பினார். மூன்றும் செல்லாது என்றாகிவிட்டன. அந்த ஆறு பேரில் ஒருவரோ முதல்முறை யூரோவுக்கு வந்த ஜார்ஜியாவின் மிகாவ்தாட்சே. பெனால்டி அடிக்கும் உரிமை யாரிடம் என்று பார்த்து வைத்திருந்தவர்கள் அவரை விட்டிருக்க மாட்டார்கள். அவருடைய மூன்றில் இரண்டு பெனால்டி. அதே அணியின் கோல்கீப்பர் மமர்தாஷ்விலி செக் குடியரசுக்கு எதிராக 11 பந்துகளைத் தடுத்தார். மூன்று தடுப்புக்கு ஒரு புள்ளி என்பதால், அடி வாங்கும் அணியின் கோல்கீப்பரும் லாபமே. பிரான்ஸ் இன்னொரு வினோதம்: அரையிறுதி வரை அவர்களுக்குக் கிடைத்தவை இரண்டு சேம்சைடு கோலும் ஒரு பெனால்டியும்தான், ஆனால் ஐந்து ஆட்டங்களில் நான்கில் எதிரணிக்கு ஒரு கோலும் கொடுக்கவில்லை. கோல் வாங்காத ஆட்டத்துக்குத் தடுப்பாட்டக்காரருக்கு 4 புள்ளி என்பதால், அந்த அணியில் எடுக்க வேண்டியவர்கள் பின்வரிசையார்தான்.

மூன்றாவது குரூப் ஆட்டம் ஒரு பொறி. இரண்டு வெற்றியோடு தகுதி பெற்ற அணி முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடும். அல்பேனியாவுக்கு எதிராக ஸ்பெயின் பத்துப் பேரை மாற்றியது; முந்தைய ஆட்டத்திலிருந்து லபோர்த் மட்டுமே தங்கினார். போர்ச்சுக்கலும் பலரை உட்காரவைத்து ஜார்ஜியாவிடம் 0-2 என்று தோற்றது. முழு அணியையும் மாற்ற வழிவிடும் வைல்டுகார்டை இந்தச் சுற்றுக்கென்று ஒதுக்குவோர் உண்டு. 16 அணிகள் சுற்றுக்கு முன் எத்தனை மாற்றமும் இலவசம் என்பதால், அதை அங்கே செலவழிப்பது வீண்.

அந்த யூரோவின் நாக்-அவுட்டில் பணவரம்பு 10.5 கோடி யூரோவானது, ஒரு நாட்டுக்கான வரம்பும் 4, 5, 6 என ஏறி, இறுதியாட்டத்தில் 8 ஆனது. இங்கே அணியின் பலத்தைவிட அது நாக்-அவுட் அட்டவணையின் எந்தப் பக்கத்தில் விழுந்திருக்கிறது என்பதே முக்கியம். 2024இல் ஸ்பெயின், ஜெர்மனி, பிரான்ஸ், போர்ச்சுக்கல் நான்கும் ஒரே பக்கம். ஜெர்மானியர்களை அள்ளி வைத்தவர்கள் காலிறுதியோடு எல்லோரையும் இழந்தார்கள். தடுமாறிக்கொண்டே வந்த இங்கிலாந்து மறுபக்கமாக இறுதி வரை போனது. பெனால்டி ஷூட்-அவுட்டில் அடிப்பது கணக்கில் வராது, கூடுதல் நேரம் வரும்.

கடைசிச் சுற்றில் எல்லோர் கையிலும் ஏறத்தாழ அதே முகங்கள்தான் இருக்கும் என்பதால் ஓரிருவரே வித்தியாசத்தை உண்டாக்குவார்கள். பெர்லினில் ஸ்பெயின் 2-1 என்று வென்ற அந்த இறுதியாட்டத்தின் மூன்று கோல்களில் இரண்டை அடித்த இங்கிலாந்தின் பால்மரும் ஸ்பெயினின் ஒயார்சபாலும் மாற்று வீரர்களாக இறங்கியவர்கள்.