சாக்லேட் சிப்பாய்கள்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு, உலகப் போர் என்றால் மார்ன், வெர்தன் என்றுதான் பாடம். பப்புவா காட்டில் நடந்த சண்டையைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அதில் வந்த ஆஸ்திரேலியாவின் 39-ஆவது காலாட்படை பட்டாலியன் இன்னும் மனதில் நிற்கிறது.

அந்நாட்டில் அப்போது இரண்டு வகைச் சிப்பாய்கள். தாமாக முன்வந்து, எந்த நாட்டுக்கும் போகச் சம்மதித்தவர்கள் ஏ.ஐ.எஃப். படையினர். சொந்த நாட்டிலும் அதன் ஆட்சிப் பகுதிகளிலும் மட்டுமே போரிடச் சட்டம் இடம் கொடுத்தவர்கள் மிலிஷியா. 1941-இல் விக்டோரியா மாநிலத்தில் திரட்டிய 39-ஆவது பட்டாலியன் இரண்டாம் வகை. பலருக்கு 18, 19 வயதுதான். போரின் சூடு பட்டால் உருகிவிடுவார்கள் என்று ‘சாக்லேட் சிப்பாய்கள்’ எனக் கேலி செய்தார்கள்.

பப்புவா ஆஸ்திரேலிய ஆட்சியில் இருந்ததால் அவர்களை அங்கே அனுப்பச் சட்டத்தில் தடையில்லை. 1942 ஜனவரியில் போர்ட் மோர்ஸ்பியில் இறங்கினார்கள். பயிற்சியைவிடக் கப்பலில் சரக்கு இறக்குவதும் குழி தோண்டுவதும்தான் அதிகம்.

ஜூலையில் ஜப்பானியர் வடகரையில் இறங்கினார்கள். மலைப்பாதையில் முதலில் எதிர்த்து நின்றவர்களில் இந்தப் பையன்களும் உண்டு. கொகோடாவில் தளபதி ஓவன் இறந்தார். பிறகு வந்த ரால்ஃப் ஹானர் தலைமையில், ஆகஸ்டு கடைசியில் இசுராவாவில் தங்களைவிடப் பெரிய படையைத் தடுத்து நின்றார்கள், ஏ.ஐ.எஃப். படை வந்து சேரும்வரை.

ஹானர் பின்னாளில் எழுதிய ஒரு சம்பவம். நோயாளிகளும் காயம்பட்டவர்களுமாக 30 பேரைப் பின்னால் அனுப்பியிருந்தார்கள். பட்டாலியன் ஆபத்தில் இருக்கிறது என்று வழியில் கேள்விப்பட்டதும் 27 பேர் சண்டைக்கே திரும்பினார்கள். திரும்பாத மூவரில் ஒருவருக்குப் பாதம் இல்லை. ஒருவருக்கு முன்கை இல்லை. ஒருவருக்குத் தொண்டையில் குண்டு.

டிசம்பரில் கோனாவைப் பிடித்ததிலும் அவர்களுக்குப் பங்குண்டு. 1943 ஜனவரியில் அணிவகுப்பில் நிற்க முடிந்தவர்கள் 32 பேர். ஜூலையில் பட்டாலியனையே கலைத்துவிட்டார்கள். ஓர் உத்தரவு, அவ்வளவுதான். கோப்பு முடிந்தது.

குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது உறுத்துகிறது. எங்கள் ஆபீஸில் ஒரு தினக்கூலி ஆள் இருந்தார். நிரந்தர ஊழியர்களான நாங்கள் அவரை ‘மழைக்கு ஒதுங்கினவர்’ என்று கிண்டல் செய்வோம், நானும் சிரித்திருக்கிறேன். ஒரு புயல் இரவில் ரிக்கார்டு அறையில் தண்ணீர் புகுந்தபோது, இடுப்பளவு நீரில் வந்து கட்டுகளை மேலே தூக்கி வைத்தது அவர்தான். நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் கடைசிவரை நிரந்தரமாகவில்லை. நானும் அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இப்போது சொல்லலாம் என்றால், அவர் இல்லை.