கல்யாணப் பட்டு எடுக்கப் போறீங்களா? இந்த ரெண்டு படத்தைப் பார்த்துட்டுக் கிளம்புங்க!

முகூர்த்த சீஸன் வந்துவிட்டால் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கால் வைக்க இடம் இருக்காது. வேன் பிடித்து மொத்தக் குடும்பமும் வந்து இறங்கும். கலர், பார்டர், பட்ஜெட் என்று எல்லாவற்றையும் வீட்டிலேயே பேசி முடித்திருப்பார்கள். அந்தச் சேலையை யார் நெய்தார் என்பது மட்டும் பேச்சில் வராது. அதனால், பட்டெடுக்கக் கிளம்பும் ஒவ்வொரு குடும்பமும் கட்டாயம் பார்க்க வேண்டிய இரண்டு படங்கள் இங்கே...

காஞ்சிவரம்

காமெடிப் படங்களுக்குப் பேர்போன பிரியதர்ஷன் இயக்கிய படம். 2009-ல் தியேட்டருக்கு வந்தது. 55-வது தேசிய விருதுகளில் சிறந்த படத்துக்கான விருது இதற்கும், சிறந்த நடிகர் விருது பிரகாஷ்ராஜுக்கும் கிடைத்தன.

1948-ல், சிறையிலிருந்து போலீஸ் காவலில் ஊருக்குத் திரும்புகிறார் நெசவாளர் வேங்கடம். அந்த பஸ் பயணத்தில் பழைய கதை விரிகிறது. பிறந்த மகளிடம், 'உனக்குப் பட்டு கட்டித்தான் கல்யாணம் பண்ணுவேன்' என்று வாக்குக் கொடுக்கிறார். வாழ்நாளெல்லாம் பட்டு நெய்பவருக்கு ஒரு பட்டு வாங்க வழியில்லை. தறிக்கூடத்திலிருந்து தினமும் கொஞ்சம் இழையை வாய்க்குள் ஒளித்து எடுத்துவந்து, மாட்டுக்கொட்டகையில் ரகசியமாக நெய்கிறார். இன்னொரு பக்கம், கூலி உயர்வு கேட்கும் போராட்டத்திலும் அவர்தான் முன்னால் நிற்கிறார். வாக்கா, சங்கமா என்று வரும்போது என்ன ஆகிறது? க்ளைமாக்ஸை நாங்கள் சொல்லப்போவதில்லை. ஆனால், பார்த்தபிறகு பட்டுச்சேலையைப் பழையபடி பார்க்க முடியாது.

படம் பார்க்கும் முன் ஒரு தகவல். உடலும் பார்டரும் வேறு வேறு நிறத்தில் இருக்கும் 'கோர்வை' சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் ஒருவர் உட்கார, மறுபக்க பார்டருக்கு நாடா போட இன்னொருவரும் தேவை. ஒரு சேலைக்கான கூலி, பெரும்பாலும் இரண்டு பேரின் உழைப்புக்கான கூலி!

அங்காடித் தெரு

நெய்த சேலை கடைக்கு வந்தாச்சு. அதை நமக்குப் பிரித்துக் காட்டுபவர்களின் கதைதான், வசந்தபாலன் இயக்கி 2010-ல் வெளியான 'அங்காடித் தெரு'. தென்மாவட்டக் கிராமத்திலிருந்து தி.நகர் துணிக்கடைக்கு வேலைக்கு வரும் இளைஞனாக மகேஷ், அங்கே வேலைபார்க்கும் பெண்ணாக அஞ்சலி. நாள் முழுக்க நின்றபடி வேலை, நெருக்கியடித்துத் தூங்கும் விடுதி, சூப்பர்வைசரின் அடி, வசவு என எல்லாமே இருக்கும்.

'சினிமாதானே' என்று கடந்துபோக முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்ததே 2021-ல்தான். படம் வந்து 11 வருஷம் கழித்து! கேரளா 2018-லேயே செய்துவிட்டது.

பார்த்தாச்சு... இனி என்ன செய்யலாம்?

* 'சில்க் மார்க்' இருந்தால் அசல் பட்டு என்று மட்டும்தான் அர்த்தம். அது கையால் நெய்ததா என்பதற்கு 'கைத்தறி முத்திரை' இருக்கிறதா பாருங்கள்.

* கூட்டுறவுச் சங்கக் கடைகளுக்கும் கோ-ஆப்டெக்ஸுக்கும் ஒரு எட்டு போய் விலையை ஒப்பிடுங்கள்.

* நேரம் இருந்தால் பிள்ளையார்பாளையம் பக்கம் போய், அனுமதி கேட்டு ஒரு தறியைப் பாருங்கள். குட்டீஸையும் கூட்டிப் போங்கள்.

* ஐம்பது சேலையைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, 'எதுவும் பிடிக்கலை' என்று எழுந்து போகும்முன் அந்தப் பெண்ணுக்கு ஒரு நன்றியாவது சொல்லுங்கள். அவர் உட்கார ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் முதலாளியிடம் கேளுங்க. கஸ்டமர் கேட்டால் நிச்சயம் காதில் விழும்!