மிலாறும் விறகும்

"கோப்பிக்கும் தேயிலைக்கும் முந்தி இந்த மலையில இருந்த மரமெல்லாம் எங்க சேர் போச்சு?" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட பாடத்தை அப்போதுதான் முடித்திருந்தேன். அவள் கேள்விக்குப் பாடநூலில் விடை இல்லை.

பெரும்பாலான மரம் நின்ற இடத்திலேயே எரிந்தது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை நிரூபிக்கப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. அவை தோட்டங்களாயின. சரிவில் நின்ற மரங்களைப் பாதி வெட்டி விடுவார்கள். பின்னர் உச்சியில் நிற்பவற்றை வீழ்த்த, அவை கீழுள்ளவற்றையும் சாய்த்துக்கொண்டு விழும். சில வாரம் காயவிட்டுத் தீ வைப்பார்கள். ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல், நானுஓயாவுக்கு 1885இல். அதற்கு முன் அத்தனை மரத்தையும் இறக்க வழி ஏது?

காட்டை அழித்தவர்கள் நம் முன்னோர் என்று மேடைகளில் சொல்லி வருகிறோம். ஆரம்பக் கோப்பிக் காலத்தில் மரம் வெட்டும் ஒப்பந்தங்களை அதிகம் எடுத்தவர்கள் அயற் சிங்களக் கிராமத்தவர்களே. நம்மவர்களின் உழைப்பு நடுகையிலும் அறுவடையிலுமே அதிகம் சென்றது. அந்தக் காட்டில் இரு சாராருக்கும் பங்கு கிடைக்கவில்லை.

1869இல் கோப்பி இலைநோய் கண்டது. ஐயாயிரம் அடிக்கு மேலுள்ள காட்டை வெட்டக் கூடாதென்று ஜோசப் ஹூக்கர் 1873இல் ஆலோசனை கூறினார். கோப்பியை வெயிலில் உலர்த்தலாம். தேயிலைக்கோ நெருப்பு வேண்டும். ஒரு கிலோ தூளுக்கு ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவான கொழுந்து தேவை, மிச்சமெல்லாம் நீர். அதை ஓட்ட விறகு எரிய வேண்டும். காட்டை வீணே எரித்த தோட்டங்கள், விறகுக்காக அவுஸ்திரேலியாவின் சவுக்கையும் யூகலிப்டஸையும் நட்டன. பிறகு எண்ணெய் உலைக்கு மாறிய ஸ்டோர்கள் பல, 1970களில் எண்ணெய் விலை ஏறியதும் விறகுக்கே திரும்பின.

ஸ்டோருக்கு விறகு வந்தது. லயத்து அடுப்புக்கு?

அதற்குக் கவ்வாத்து மிலாறு. உயர்மலையில் ஒரு மலை கவ்வாத்துக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே இந்த ஆண்டு பக்கத்தில் கிடைக்கும் மிலாறு, அடுத்த ஆண்டு இரண்டு கட்டை தள்ளிப் போய்விடும். என் அம்மா மாலைக் கொழுந்து நிறுத்துவிட்டு, மிலாறைக் கட்டித் தலையில் வைத்து ஏறி வருவார். ஞாயிறுகளில் அப்பா காய்ந்து விழுந்த கட்டைகளைப் பிளப்பார். சவுக்கு நேராகப் பிளந்து கொடுக்கும். யூகலிப்டஸை ஈரத்திலேயே பிளந்துவிட வேண்டும். காய்ந்தால் ஆப்பு எகிறும்.

ஒரு மழைக்காலத்தில் மிலாறு எதுவும் எரியவில்லை. அம்மா பச்சைச் சவுக்கில் ஒரு கிளை வெட்டினார். காவற்காரன் கண்டு சொல்ல, தோட்டம் ஒரு கிழமை வேலை நிறுத்திப் போட்டது. எந்தத் தோட்டம் என்பது இங்கு வேண்டாம்; அன்று எந்தத் தோட்டத்திலும் அது நடந்திருக்கும். அந்தக் கிழமை ஆறு பேரும் போயிற்று. அந்தக் கிளையில் வெந்தது இரண்டு நேரச் சோறு.

2022இல் எரிவாயு கிடைக்காமல் போனபோது, நானும் மூலையில் கிடந்த கோடரியைத் தேடி எடுத்தேன். நகரத்தார் விறகுகாலை தேடி அலைந்தார்கள். லயங்களில் அடுப்பு எப்போதும்போல எரிந்தது. அந்த விறகையும் பெண்களே சுமந்தார்கள்.

கொழுந்து கிலோக் கணக்கில் நிறுக்கப்படுகிறது. பேர் புத்தகத்தில் ஏறுகிறது. அதே மாலையில் அதே தலை சுமந்த விறகுக் கட்டு எந்தப் புத்தகத்திலும் இல்லை. கேள்வி கேட்ட மாணவியிடமும் வகுப்பிடமும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பாட்டியிடம் கேட்டு வர வேண்டும்: எந்த மலையில், எவ்வளவு தூரம், கிழமைக்கு எத்தனை கட்டு? முதல் கொப்பி வந்துவிட்டது.