முடக்குவாதமும் இடுப்பு மூட்டு மாற்றுச் சத்திரசிகிச்சையும்

முடக்குவாதத்தால் சிதைந்த இடுப்பு மூட்டின் பந்தையும் கிண்ணத்தையும் அகற்றிச் செயற்கை மூட்டைப் பொருத்தும் சத்திரசிகிச்சை இது. முதுமையில் வரும் மூட்டுத் தேய்வு வேறு, முடக்குவாதம் வேறு. முடக்குவாதத்தில் உடலின் நோயெதிர்ப்புத் தொகுதியே மூட்டின் உட்சவ்வைத் தாக்குகிறது. பெண்களைக் கூடுதலாகப் பாதிக்கும் இந்நோய் நடுவயதிலேயே, சிலருக்குப் பிள்ளைப் பருவத்திலேயே, நடையை முடக்கிவிடும்.

இச்சத்திரசிகிச்சையின் வரலாற்றில் வாத நோயாளர்களுக்குத் தனி இடமுண்டு. 1938 இல் லண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் பிலிப் வைல்ஸ், பந்து, கிண்ணம் இரண்டையும் துருப்பிடிக்காத உருக்கில் செய்து ஆறு பேருக்குப் பொருத்தினார். அவர்கள் ஸ்ரில் நோய் எனப்படும் சிறுவயது மூட்டுவாதத்தால் முடங்கியவர்கள். அடுத்து வந்த உலகப்போரில் அவர்களது பதிவுகள் தொலைந்துபோயின.

நிலையான வழியைக் கண்டவர் இங்கிலாந்தின் ரைற்றிங்ரன் வைத்தியசாலையில் பணியாற்றிய ஜோன் சாண்லி. அவர் முதலில் பொருத்திய டெஃப்லோன் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றியுள்ள இழையங்களைப் புண்ணாக்கின. அதை உறுதிப்படுத்த அப்பொருளைத் தம் தொடையிலேயே செலுத்திப் பார்த்தார். 1962 நவம்பரில் பொலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறினார். அதனுள் 22 மில்லிமீற்றர் உலோகப் பந்து சுழன்றது. இரண்டையும் என்போடு பிணைத்தது அக்கிரிலிக் சீமெந்து. இன்றைய மூட்டுகள் பலவும் அந்த வழியில் வந்தவையே.

முடக்குவாத நோயாளருக்கு இச்சிகிச்சை செய்வது எளிதன்று. நோயும் நெடுநாள் ஸ்ரீரொயிட் மாத்திரைகளும் என்பை மென்மையாக்கியிருக்கும்; கிண்ணம் இடுப்பெலும்புக்குள் அமிழ்ந்து போயிருக்கும்; கிருமித்தொற்று அபாயமும் அதிகம். கழுத்தின் முதலிரு முள்ளெலும்புகள் தளர்ந்திருந்தால் மயக்க மருந்து கொடுக்கக் கழுத்தை வளைப்பதே முண்ணாணை நசுக்கக்கூடும் என்பதால், முன்கூட்டியே கழுத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பர். முடக்குவாதத்துக்கான மெதொட்ரெக்சேற் மாத்திரையை வழக்கம்போலத் தொடரலாம்; நோயெதிர்ப்பைக் கட்டுப்படுத்தும் உயிரியல் ஊசிமருந்துகளை மட்டும் சிறிது காலம் நிறுத்திவைப்பர்.

யாழ்ப்பாணத்திலும் சத்திரசிகிச்சைக் கல்விக்கு நீண்ட மரபுண்டு. 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அவரது 'இரணவைத்தியம்' 1867 இல் வெளிவந்தது. 1978 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவபீடம் தொடங்கியது. உள்நாட்டுப் போர் அனைத்தையும் குலைத்தது. தரைவழி அடைபட்ட 1990களின் முற்பகுதியில், சிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போகக் கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்க வேண்டியிருந்தது. இடுப்பு இறுகியவருக்குப் படகின் விளிம்பைத் தாண்டிக் காலெடுத்து வைப்பதே பெரும்பாடு.

சிகிச்சைக்குப் பின்னும் ஊர்ப் பழக்கங்கள் சில மாறவேண்டும். சப்பாணி கட்டி இருப்பதும், குந்தியிருக்கும் மலசலகூடமும், கிணற்றடியில் தாழக் குனிந்து உடுப்புத் தோய்ப்பதும் புதிய பந்தைக் கிண்ணத்திலிருந்து நழுவச் செய்யலாம். உயரமான கதிரையும் கொமட்டும் வீட்டுக்கு வந்தபிறகே நோயாளி வீடு திரும்புவது நல்லது.

1980களில் மெதொட்ரெக்சேற்றும், 1990களின் இறுதியில் உயிரியல் மருந்துகளும் பரவியபின், பல நாடுகளில் முடக்குவாதத்துக்காக இடுப்பு மாற்றுவது குறைந்துவிட்டது. காலையில் விரல் மூட்டுகள் ஒரு மணிநேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்து, அது வாரக்கணக்கில் நீடித்தால், எண்ணெய் பூசிக் காலம் கடத்தாமல் வைத்தியரிடம் காட்டவேண்டும்.