சிப்பிப் பசை ஆய்வு

கடற்பாறைகளில் கொத்துக்கொத்தாக ஒட்டி வாழும் சிப்பிகள் நீருக்கடியிலேயே சுரக்கும் பசையை ஆராய்ந்து, அதன் வேதியியலைச் செயற்கைப் பசைகளுக்கும் பூச்சுகளுக்கும் கொண்டுவரும் துறை. இங்கே சிப்பி என்பது முத்துச்சிப்பி அன்று. மைட்டிலஸ் முதலான பேரினங்களைச் சேர்ந்த உண்சிப்பி. உயிர்வேதியியலில் பிறந்த இத்துறை, சாண்டா பார்பரா, போஹாங் போன்ற இடங்களின் வேதிப்பொறியியல் துறைகளில்தான் முதிர்ந்தது.

ஈரமான பரப்பில் பசை பிடிக்காததற்குக் காரணம் எளியது. நீரும் அதில் கரைந்த உப்பு அயனிகளும் மெல்லிய படலமாகப் பரப்பை மூடியிருக்கும். பசை ஒட்டுவது அந்தப் படலத்தோடுதான், பரப்போடு அன்று. சிப்பியோ தன் பாதத்தைப் பாறைமேல் அழுத்தி, சில நிமிடங்களில் ஓர் இழையையும் அதன் நுனியில் ஒட்டுவட்டையும் வார்த்துவிடுகிறது. அலை அடித்தாலும் அது பிடி விடுவதில்லை.

1981இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் வெய்ட்டும் மார்வின் டான்சரும் இப்பசைப் புரதத்தில் டோபா என்ற அரிய அமினோ அமிலம் நிறைந்திருப்பதை வெளியிட்டனர். டைரோசினில் கூடுதலாக ஒரு ஹைட்ராக்சில் சேர்ந்தால் டோபா. அதன் பக்கச் சங்கிலியில் உள்ள கேட்டகால் தொகுதிதான் பிடிமானத்துக்குக் காரணம் என்ற எண்ணம் அன்றிலிருந்து வேரூன்றியது. அது பாதி உண்மை என்பது வெளிப்பட இன்னும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

முதலில் எல்லோரும் முயன்றது பசையை நேராகப் பிரித்தெடுப்பதைத்தான். உயிரணு வளர்ப்புத் தட்டுகளில் பூசுவதற்காக ‘செல்-டாக்’ என்ற பெயரில் அது சந்தைக்கும் வந்தது. ஆனால் ஒரு கிராம் புரதத்துக்குச் சுமார் 10,000 சிப்பிகள் தேவை. சிப்பியை நம்பித் தொழில் நடத்த முடியாது என்பது தெளிவாயிற்று.

அடுத்த வழியைத் தென்கொரியாவின் போஹாங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹ்யுங் ஜூன் சா தலைமையிலான வேதிப்பொறியியல் குழு திறந்தது. 2004இல் அவர்கள் சிப்பியின் பாதம் சுரக்கும் பல புரதங்களில் ஐந்தாவது என்று எண்ணிட்ட புரதத்துக்கான மரபணுவை ஈ. கோலை பாக்டீரியாவில் ஏற்றி, புரதத்தை அங்கே விளைவித்தனர். 2007இல் அதன் இருபுறமும் முதலாம் புரதத்தின் துண்டுகளைக் கோத்து, விளைச்சல் கூடிய ஒரு கலப்புப் புரதத்தையும் உருவாக்கினர். இதிலும் ஓர் இடர். பாக்டீரியாவுக்கு டைரோசினை டோபாவாக மாற்றத் தெரியாது. அந்த வேலையைக் காளானிலிருந்து எடுத்த டைரோசினேஸ் நொதியைக் கொண்டு தனியே செய்துகொள்ள வேண்டும்.

எந்தப் புரதம் உண்மையில் ஒட்டுகிறது என்ற கேள்விக்கு விடை கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் கிடைத்தது. அங்கே வேதிப்பொறியியல் பேராசிரியராக இருந்த ஜேக்கப் இஸ்ரேலாச்விலி, இரு மைக்காத் தகடுகளுக்கிடையே உள்ள விசையை அணு அளவு இடைவெளிவரை அளக்கும் கருவியை வளர்த்தெடுத்தவர். வெய்ட்டும் அதே வளாகத்துக்கு மாறியிருந்தார். 2007இல் இருவர் குழுவும் அளந்து பார்த்தபோது, எல்லாரும் ஆராய்ந்துகொண்டிருந்த முதலாம் புரதம் மைக்காவில் அநேகமாக ஒட்டவே இல்லை. மூன்றாம் புரதம் உறுதியாக ஒட்டியது. முதலாவது பசையே அன்று, இழையின் மேல்தோல். அத்தோலில் டோபா இரும்பு அயனிகளைப் பற்றி விறைப்பைத் தருவது 2010இல் தெரிந்தது. தமிழகக் கரையிலும் வளரும் பச்சைச் சிப்பியின் முதலாம் புரதத்தில் சர்க்கரை பிணைந்த ஹைட்ராக்சி டிரிப்டோபன் இருப்பதை வெய்ட் குழு 2009இல் கண்டது. ஆக, எல்லாச் சிப்பிக்கும் ஒரே செய்முறை இல்லை.

இதற்கிடையே நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஃபிலிப் மெசர்ஸ்மித் குழு புரதத்தையே கைவிட்டது. பரப்பைத் தொடும் புரதங்களில் டோபாவும் லைசினும் அருகருகே இருப்பதைக் கவனித்து, கேட்டகாலும் அமீனும் ஒருங்கே கொண்ட சிறு மூலக்கூறான டோபமைனை எடுத்துக்கொண்டார்கள். லிட்டருக்கு 2 கிராம் டோபமைன், pH 8.5 அளவில் ஒரு கரைசல். அதில் எதை நனைத்து வைத்தாலும், டெஃப்லான் உட்பட, ஒரு நாளில் 50 நானோமீட்டர்வரை பூச்சு படியும். 2007இல் வெளியான இந்தப் பாலிடோபமைன் முறை உலகெங்கும் ஆய்வகங்களுக்குப் பரவியது. அதன் எளிமையே காரணம். அதன் மூலக்கூறு அமைப்பு குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை.

அமீன் ஏன் தேவை என்பதைச் சாண்டா பார்பரா குழு 2015இல் விளக்கியது. பாக்டீரியாக்கள் இரும்பைப் பிடிக்கச் சுரக்கும் மூலக்கூறுகளை ஒத்த சேர்மங்களைக் கொண்டு சோதித்ததில், லைசின் முதலில் பரப்பிலுள்ள உப்பு அயனிகளைத் தள்ளி இடம் ஏற்படுத்துகிறது, கேட்டகால் அந்த இடத்தில் பிணைகிறது என்று தெரிந்தது. கேட்டகால் மட்டும் இருந்தால் போதாது. அது காற்றுப்பட்டால் குயினோனாக மாறிப் பிடியையும் இழக்கும். சிப்பி இதைத் தடுக்கக் கந்தகமுள்ள ஆறாம் புரதத்தைக் கூடவே வைத்திருப்பது 2011இலேயே தெரிந்துவிட்டது. செயற்கைப் பசைகளில் இந்தக் காவல் ஏற்பாடு பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

தொழிலில் நிலைத்த பொருள் வேறொரு பக்கத்திலிருந்து வந்தது. பிளைவுட் பலகைகளை ஒட்டும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசை, புற்றுநோய் விளைவிக்கும் ஃபார்மால்டிஹைடைக் காற்றில் கசியவிடும். ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கைச்சாங் லீ, கடற்கரையில் பார்த்த சிப்பிகளிலிருந்து யோசித்து, சோயா மாவுப் புரதத்துக்கு அதே குணத்தைத் தர முனைந்தார். ஈரத்திலும் கிழியாத காகிதத்துக்குச் சேர்க்கும் பிசின் ஒன்றைச் சோயாவோடு கலந்த பசையைக் கொலம்பியா ஃபாரஸ்ட் புராடக்ட்ஸ் நிறுவனம் 2005இல் ‘பியூர்பாண்ட்’ என்று விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2007இல் அமெரிக்க அதிபரின் பசுமை வேதியியல் விருதும் கிடைத்தது. இப்பசையில் டோபா இல்லை, கேட்டகாலும் இல்லை. சிப்பியை இம்மியும் பிசகாமல் நகலெடுக்க முயன்ற பலவற்றைவிட அதிகமாக விற்றது இதுதான் என்பதை இத்துறையினர் அவ்வளவாகப் பேசுவதில்லை.

பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜோனதன் வில்கர் முதலில் கேட்டகால் சேர்த்த ஸ்டைரீன் பலபடியம் செய்தார். நீருக்கடியில் அது கடைப்பசைகளை விஞ்சியது. ஆனால் ஸ்டைரீன் பெட்ரோலியத்திலிருந்து வருவது. 2023இல் அவர் குழு வெளியிட்ட பசையில் எபாக்சி ஏற்றிய சோயா எண்ணெய், ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலம், மரப்பட்டையில் உள்ள டானிக் அமிலம் ஆகிய மூன்றே உள்ளன. கேட்டகாலின் வேலையை இதில் டானிக் அமிலத்தின் பீனால் தொகுதிகள் செய்கின்றன.